எறும்பு ஏறும் மாமரம்: பொடி போடுவதற்கு முன்

கேள்வி: குடியாத்தம் வாசகர், 11 ஜனவரி 2024

எங்கள் மாந்தோப்பில் பெங்களூராவும் நீலமும் கலந்து நிற்கின்றன. இப்போது பூ எடுத்து வருகிறது. ஏறக்குறைய எல்லா மரத்திலும் எறும்பு ஏறுகிறது. எறும்பு ஏறின மரம் காய் பிடிக்காது என்று பக்கத்துத் தோட்டக்காரர் உறுதியாகச் சொல்கிறார். அடிமரத்தைச் சுற்றி எறும்புப் பொடி போட்டால் போதுமா, மேலேயும் மருந்து அடிக்க வேண்டுமா?

11 ஜனவரி 2024, இரவு

பொடி வாங்கியிருந்தால் இப்போதைக்கு மூடி வைத்துவிடுங்கள். எறும்பு ஏறுவதால் மட்டும் எந்த மரமும் காய் பிடிக்காமல் போவதில்லை. காய்ப்பைக் கெடுக்கும் வேறொன்று மேலே உட்கார்ந்திருப்பதால்தான் பல சமயங்களில் எறும்பு ஏறுகிறது. அது என்னவென்று பார்க்காமல் பொடி போட்டால் நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்து கொடுத்த கதையாகிவிடும்.

எந்த எறும்பு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் பக்கத்து மாந்தோப்புகளில் அடிக்கடி கண்ணில் படுகிறவை நான்கு. இலைகளைச் சேர்த்துப் பந்தாகக் கூடு கட்டி, கிளையைத் தொட்டதும் பாய்ந்து கடிக்கிற செம்பழுப்பு நிற முசுறு. தனியாகவோ கலைந்த வரிசையாகவோ போகிற பெரிய கட்டெறும்பு. பட்டை வெடிப்புகளின் வழியே நெருக்கமான சாரையாக ஊரும் சின்னக் கறுப்பெறும்பு. இதைப் பிள்ளையார் எறும்பு என்றும் சொல்வார்கள். தரையில் மண்ணைக் குவித்து வளை தோண்டி, காலில் ஏறினால் சுருக்கென்று எரிய வைக்கும் சிவப்பெறும்பு. இந்த நான்கும் தோப்பில் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஆகவே நான்குக்கும் ஒரே தீர்ப்பு எழுதக் கூடாது.

12 ஜனவரி 2024

கேட்டவர் இன்று பதில் எழுதியிருக்கிறார்: சின்னக் கறுப்பெறும்பு பல மரங்களில், முசுறு ஓடையோரத்து இரண்டு மூன்று மரங்களில். நல்லது. இனி சாரையின் மேல்முனை எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டும். உயரமான மரத்தில் அது எளிதல்ல என்பது எனக்கும் தெரியும். அதற்குத் தரையில் நின்றபடியே பார்க்கக்கூடிய ஓர் அடையாளம் இருக்கிறது. காலை வெயில் படும் பக்கமாக அடிமரத்தருகே உட்கார்ந்து, ஏறுகிற எறும்பின் வயிற்றையும் இறங்குகிற எறும்பின் வயிற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இறங்குகிறவற்றின் வயிறு உப்பி, அதன் வளையங்கள் விலகி, இடையில் உள்ள தோல் வெளிச்சத்தில் கண்ணாடியாகத் தெரிந்தால், அவை மேலே இனிப்புக் கழிவைக் குடித்துவிட்டு வருகின்றன என்று பொருள். அப்படியானால் மேலே மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ அசுவினியோ தத்துப்பூச்சியோ இருக்கிறது. வயிறு மெலிந்தே இறங்கி, வாயில் ஏதாவது பூச்சியின் துண்டைக் கவ்விக்கொண்டு வந்தால் அவை வேட்டைக்குப் போனவை.

பூ கொட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாம்பூங்கொத்து ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கள் இருக்கலாம். அவற்றில் பெரும்பகுதி ஆண் பூக்கள். அவை காயாகவே முடியாது. ஒரு கொத்தில் ஒன்றிரண்டு காய் நின்றாலே நல்ல காய்ப்பு. எனவே அடியில் பூ உதிர்ந்து கிடப்பதை மட்டும் பார்த்து எறும்பின் மேல் பழி போட வேண்டாம். கொத்தே கறுத்துப் போயிருக்கிறதா, இலையில் பிசுபிசுப்பு இருக்கிறதா, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் தத்துப்பூச்சி பெருகியிருக்கிறது. அதற்கான மருந்தையும் அளவையும் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு, பூ விரிவதற்கு முன்பே அடித்து முடித்துவிட வேண்டும். பூ மலர்ந்தபின் அடித்தால் மகரந்தம் சுமக்கும் ஈக்களும் தேனீக்களும் சேர்ந்து சாகும்.

18 ஜனவரி 2024

எறும்புக்கும் மாவுப்பூச்சிக்கும் என்னதான் உறவு என்று ஒடுகத்தூர் நண்பர் கேட்டிருக்கிறார். இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

எங்கள் தோப்பு வேலியில் நிற்கும் சீத்தா மரத்தில் இதைக் கண்முன்னே பார்க்கலாம். சீத்தாப்பழத்தின் கண்களுக்கு இடையே உள்ள பள்ளங்களில் மாவுப்பூச்சிகள் வெள்ளையாக அடைந்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு பொறுமையாக நின்றால், ஒரு சின்னக் கறுப்பெறும்பு வந்து தன் உணர்கொம்புகள் இரண்டாலும் மாவுப்பூச்சியின் பின்புறத்தை மாறி மாறித் தட்டுவது தெரியும். சற்று நேரத்தில் அங்கே தெளிந்த துளி ஒன்று திரளும். எறும்பு அதை உறிஞ்சிக்கொண்டு அடுத்த பூச்சிக்குப் போகும். யாரும் தட்டாத பூச்சி அந்தத் துளியைத் தன்மேலேயே விட்டுவிடும். அதில் பூசணம் பிடித்து அதன் குஞ்சுகள் மூச்சடைத்துச் சாகவும் கூடும். ஆகவே எறும்பு வாங்கிக்கொள்வது மட்டுமல்லாமல், அந்தக் கூட்டத்தைத் துப்புரவாகவும் வைத்திருக்கிறது.

இதைவிடப் பெரிய உதவி காவல். மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகள், பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்கள், மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் எல்லாவற்றையும் எறும்பு விரட்டுகிறது. தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் காய் இறங்கும் வரை இரவும் பகலும் காவல் இருப்பதைப் போல அது அங்கேயே நிற்கிறது. ஒட்டுண்ணிக் குளவி ஒரு மாவுப்பூச்சியைத் தொட்டு உணர்ந்து ஊசியை இறக்கச் சற்று அவகாசம் வேண்டும். எறும்பு குறுக்கும் நெடுக்கும் ஓடும் இடத்தில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. இயற்கை எதிரிகள் எத்தனை இருந்தாலும் எறும்பு மொய்க்கும் மரத்தில் மாவுப்பூச்சி குறையாததற்குக் காரணம் இதுதான்.

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு, உடல் முழுக்க வெள்ளை மெழுகு இழைகளோடு பார்ப்பதற்கு மாவுப்பூச்சியாகவே இருக்கும். எறும்பு அதை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து அந்தப் புழுவை நம்மவர்களே நசுக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வேகமாக நகர்ந்தால், இழைகள் நீளமாகத் தொங்கினால், அது நண்பன், விட்டுவிடுங்கள்.

19 ஜனவரி 2024

பப்பாளியில் வந்த மாவுப்பூச்சியும் இப்படித்தானா என்ற கேள்விக்கு: ஆம், அங்கும் எறும்பு மொய்த்தது. ஆனால் அந்தப் பூச்சி 2008 வாக்கில் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்டுத் தமிழ்நாடு முழுக்கப் பரவியதற்கு எறும்பு காரணமல்ல. வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சிக்கு இங்கே எதிரியே இல்லாமல் இருந்ததுதான் காரணம். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து வளர்த்து விட்டபின் பூச்சி அடங்கியது. எறும்புகள் இருந்தபோதே அடங்கியது என்பதையும் கவனிக்க வேண்டும். எறும்பின் காவல் வலிமையானது. ஆனாலும் எல்லாக் குளவியையும் அதனால் தடுத்து நிறுத்திவிட முடியாது. நேற்று நான் எழுதியதை இந்த அளவுக்குக் குறுக்கிப் படிக்கவும்.

27 ஜனவரி 2024

முசுறைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று தொடக்கத்திலிருந்தே நினைத்திருந்தேன். ஓடையோரத்து மரங்களில் அது இருக்கிறது என்று கேட்டவர் சொன்னபோது எனக்கு மகிழ்ச்சியே ஏற்பட்டது.

உயிரியல் பெயர் ஓகோஃபில்லா ஸ்மரக்டினா. கூடு கட்டும்போது அருகே போய்ப் பாருங்கள். சில எறும்புகள் ஓர் இலையின் விளிம்பைக் கால்களால் பற்றி, அடுத்த இலையின் விளிம்பை வாயால் கவ்வி இழுக்கும். இடைவெளி அதிகமானால் ஒன்றின் இடுப்பை மற்றொன்று பிடித்துச் சங்கிலியாகத் தொங்கி இழுக்கும். இலைகள் நெருங்கியதும் வேறு சில எறும்புகள் தம் இனத்துப் புழுக்களை வாயில் ஏந்தி வந்து, அவற்றின் வாயிலிருந்து வரும் பட்டு நூலை இந்த விளிம்பிலும் அந்த விளிம்பிலும் மாற்றி மாற்றி ஒட்டித் தைக்கும். வளர்ந்த எறும்புக்கு நூல் சுரக்காது. புழுதான் நூற்கண்டு, தறி இரண்டும். நெசவுக்குப் பெயர்போன குடியாத்தத்துக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இந்த எறும்பைப் பழத்தோட்டக் காவலுக்கு வைக்கும் வழக்கம் மிகப் பழையது. கி.பி. 304ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஜி ஹான் என்ற சீனரின் குறிப்பில், கிச்சிலி வகைத் தோட்டங்களுக்காக இந்த எறும்புக் கூடுகள் கிளையோடு சேர்த்துச் சந்தையில் விற்கப்பட்டதும், அவை இல்லாத மரத்தின் பழங்கள் பூச்சியால் கெட்டுப்போனதும் சொல்லப்பட்டிருக்கின்றன. பயிர்க் காவலுக்கு ஒரு பூச்சியை மனிதன் வேண்டுமென்றே பயன்படுத்தியதற்கு இதுவே மிகப் பழைய சான்றாகக் காட்டப்படுகிறது. பிற்காலத்தில் அங்கே மரத்துக்கு மரம் மூங்கில் கட்டி எறும்புக்குப் பாலம் போட்டார்கள். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் ரென்காங் பெங், கீத் கிறிஸ்டியன் என்ற இரு ஆய்வாளர்கள் மாந்தோப்புகளில் இதே முசுறை வைத்துப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தார்கள். தத்துப்பூச்சி, பழ ஈ, மாங்கொட்டை வண்டு ஆகியவற்றின் சேதம் முசுறு உள்ள மரங்களில் குறைந்ததைக் காட்டினார்கள். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் பால் வான் மேலேயும் அவரோடு பணியாற்றியவர்களும் முசுறின் ஆப்பிரிக்க இனம் மாம்பழ ஈயைக் கட்டுப்படுத்துவதை 2007இல் வெளியிட்டார்கள். ஈயைப் பிடித்துத் தின்பதால் மட்டும் அது நடப்பதில்லை. எறும்பு நடமாடிய பழத்தில் தங்கும் வாடையே பழ ஈயை முட்டையிட விடாமல் விலக்குகிறது என்று பின்னர் தெரியவந்தது.

கொட்டை வண்டு விஷயம் நமக்கு இன்னும் முக்கியம். அந்த வண்டு பிஞ்சில் முட்டையிட்டுப் புழு உள்ளே போய்விட்டால் அப்புறம் எந்த மருந்தும் எட்டாது. வெளித்தோலில் அடையாளமும் இருக்காது. பழத்தை அறுத்துக் கொட்டையைப் பிளந்தால்தான் தெரியும். அதைப் பிஞ்சிலேயே தடுக்கக்கூடிய காவல் மரத்தின் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்போது அதைப் பொடி போட்டு அழிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

2 பிப்ரவரி 2024

மேலே உள்ளதைப் படித்துவிட்டு, முசுறு இருந்தால் மருந்தே வேண்டாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். அப்படி நான் சொல்ல மாட்டேன். முசுறும் இனிப்புக் குடிக்கும். செதில்பூச்சிகளைச் சுற்றிக் கூடு கட்டி வளர்க்கவும் செய்யும். ஆஸ்திரேலியத் தோப்புகளிலும் முசுறு உள்ள மரங்களில் செதில்பூச்சி ஒரு தொல்லையாகவே இருந்தது. அங்கே அதற்கு எறும்பைக் கொல்லாமல், சோப்புக் கரைசலையும் வெள்ளை எண்ணெய் எனப்படும் கனிம எண்ணெயையும் அந்தந்தக் கிளைக்கு மட்டும் தெளித்தார்கள். இரண்டு கூட்டங்களின் எல்லை சந்திக்கும் மரங்களில் எறும்புகள் ஒன்றோடொன்று சண்டையிட்டு அமிலத்தைப் பீய்ச்சும். அது காயின் தோலில் கரும்புள்ளியாகப் பதியும். கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூராவில் அது பொருட்டில்லை. பெட்டியில் அடுக்கிச் சென்னைக்குப் போகும் பங்கனப்பள்ளியில் விலை இறங்கும். இரண்டு கூட்டத்து மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று தொடாதபடி கவாத்து செய்துவிட்டால் சண்டை பெரும்பாலும் நின்றுவிடும்.

மகரந்தச் சேர்க்கையில் எறும்பின் பங்கு என்ன என்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். மாமரத்துக்கு முதன்மையாக உதவுகிறவை ஈக்கள், அடுத்துத் தேனீக்கள். எறும்பு பூவுக்குப் பூ நடந்து போனாலும் பெரும்பாலும் ஒரே மரத்துக்குள்தான் சுற்றுகிறது. பல எறும்பினங்கள் தம் உடலைக் கிருமியிலிருந்து காக்கச் சுரக்கும் திரவம் மகரந்தத்தின் உயிர்ப்பையும் குறைத்துவிடும். ஆகவே பூப் பருவத்தில் எறும்பால் பெரிய நன்மை இல்லை. பிஞ்சு பிடித்ததிலிருந்து காய் முற்றும் வரைதான் முசுறின் மதிப்பு. இந்தக் காலப் பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

10 பிப்ரவரி 2024

வீட்டில் பழைய பி.எச்.சி. (பென்சீன் ஹெக்சாகுளோரைடு) பூச்சிமருந்துத் தூள் இருக்கிறது, அதைப் போடலாமா என்று ஒருவர் கேட்கிறார். கூடவே கூடாது. இந்தியாவில் அது 1997இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும், பாலில் வரும். தோப்பில் மாடு கட்டுகிறவர்கள் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

24 பிப்ரவரி 2024

சின்னக் கறுப்பெறும்பும் மாவுப்பூச்சியும் சேர்ந்திருக்கும் மரத்துக்கு என்னதான் செய்வது? வழியை மறிப்பதுதான் முதல் வேலை. வட இந்திய மாந்தோப்புகளில் மண்ணிலிருந்து மரம் ஏறும் பெரிய மாவுப்பூச்சிக்கு எதிராக, 25 முதல் 30 சென்டிமீட்டர் அகலமும் 400 காஜ் தடிமனும் உள்ள பாலித்தீன் தாளை அடிமரத்தைச் சுற்றிக் கட்டும் முறை நெடுநாளாக இருக்கிறது. அதையே நாமும் எறும்புக்குச் செய்யலாம். எங்கள் தோப்பில் செய்தபோது கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

கிரீஸை நேராகப் பட்டையில் பூசாதீர்கள். பட்டை வெந்து வெடிக்கும். தாளைக் கட்டி அதன்மேல் பூச வேண்டும். கட்டுவதற்கு முன் பட்டையின் வெடிப்புகளைக் களிமண்ணால் அடைக்க வேண்டும், இல்லையென்றால் எறும்பு தாளுக்கு அடியிலேயே சுரங்கம் போட்டு மேலே போய்விடும். தாழ்ந்த கிளைகள் தரையைத் தொடக் கூடாது. ஊடுபயிராகத் துவரை போட்டிருந்தால் அதுவும் கிளையை உரசக் கூடாது. வேலிக்கம்பியில் சாய்ந்த ஒரே ஒரு கொம்பு போதும், கட்டிய கட்டெல்லாம் வீண். காற்றடித்துப் புழுதி படிந்தால் கிரீஸின் மேலேயே எறும்பு நடக்கும். பாலாற்றுப் பக்கத்துத் தோப்புகளில் மாசி, பங்குனிக் காற்றுக்கு அப்படித்தான் ஆகும். ஆகவே அடிக்கடி துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

கட்டியவுடன் மாவுப்பூச்சி மறைந்துவிடாது. முதலில் எறும்பின் நடமாட்டம் குறையும், பிறகு இலைகளின் பிசுபிசுப்பு கூடும், ஏனென்றால் குடிக்க ஆளில்லை. இந்தக் கட்டத்தில் பயந்துபோய் மருந்து அடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். கொஞ்சம் பொறுத்தால் பொறிவண்டும் குளவியும் வந்து சேரும்.

முசுறு வாழும் மரத்தில் இந்தக் கட்டு வேண்டாம். அது மரத்துக்கு மரம் போய்வர வேண்டியது. அதற்குப் பாலம்தான் தேவை. பக்கத்து மரத்துக்குத் தேங்காய் நார்க் கயிறு ஒன்றைக் கட்டிவிட்டால் அதன் வழியே போகும்.

5 மார்ச் 2024

கட்டுக் கட்டும் அளவுக்கு ஆள் கிடைக்காத பெரிய தோப்புகளுக்கு இனிப்பு நஞ்சு ஒரு வழி. ஒரு லிட்டர் நீரில் 100 கிராம் சர்க்கரையைக் கரைத்து, அதில் 10 கிராம் போரிக் அமிலம் சேர்த்து நன்றாகக் கலக்க வேண்டும். அளவைக் கூட்டினால் வேகமாக வேலை செய்யும் என்று எண்ண வேண்டாம். குடித்த எறும்பு வழியிலேயே செத்துவிட்டால் வளைக்குள் இருக்கும் ராணிக்கும் புழுக்களுக்கும் எதுவும் போய்ச் சேராது. சாரை மெதுவாகத்தான் மெலியும். மூடியுள்ள சிறிய டப்பாவில் பஞ்சை நனைத்து வைத்து, எறும்பு மட்டும் நுழையும் துளை போட்டு அடிமரத்தருகே வையுங்கள். தேனீ விழாமல் இருக்கும். மாடும் குழந்தையும் எட்டாத இடமாக இருக்கட்டும். முசுறு நடமாடும் மரத்துக்கு அருகே வைக்கவே வேண்டாம், அதுவும் குடிக்கும்.

21 மார்ச் 2024

அடிமரத்தில் மண் வரிவரியாக ஏறியிருப்பதைப் படம் எடுத்து அனுப்பி இது எந்த எறும்பு என்று கேட்டிருக்கிறார்கள். அது எறும்பே அல்ல, செல்லு. கரையான் என்று சொன்னாலும் அதுதான். அந்த மண்ணைச் சுரண்டித் தள்ளிவிட்டுச் சற்று நேரம் பாருங்கள். கட்டெறும்புகள் வந்து கரையானைத் தூக்கிக்கொண்டு போவதைக் காணலாம். எறும்புப் பொடி போடும் தோப்புகளில் செல்லு ஏறுவது கூடுதலாக இருக்கிறது என்பது என் கணிப்பு. அடியில் காய்ந்த சருகும் செத்த வேரும் கிடப்பதும் அதற்குக் காரணம் என்பதால் எறும்பை மட்டும் வைத்து முடிவு கட்டவில்லை.

16 ஏப்ரல் 2024

திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைப் பகுதியில் 2022இல் மஞ்சள் எறும்புகள் பெருகி, ஆடு மாடு வளர்ப்பவர்கள் அவதிப்பட்ட செய்தியை ஒருவர் நினைவூட்டி, முசுறும் அதுவும் ஒன்றுதானா என்று கேட்கிறார். இரண்டும் வேறு. அது மஞ்சள் பைத்தியக்கார எறும்பு எனப்படும் அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ். வெளிர் மஞ்சள் உடல், மிக நீண்ட கால்கள், திசையில்லாமல் தாறுமாறான ஓட்டம், கூடு தரையில் சருகுக்கும் கல்லுக்கும் அடியில். முசுறின் கூடு எப்போதும் மரத்து இலையில். மஞ்சள் எறும்பும் செதில்பூச்சியின் இனிப்பை நம்பித்தான் பெருகுகிறது. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் அது செந்நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்றபோது, அங்கிருந்த அரக்குச் செதில்பூச்சியைக் குறைப்பதற்காக 2016இல் மலேசியாவிலிருந்து சிறு குளவி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். எறும்பை அடக்க அதன் உணவை அடக்கினார்கள். ஜனவரியில் நான் எழுதிய சாரையின் மேல்முனைக் கணக்கு அங்கும் அதுவேதான்.

9 மே 2024

அறுவடை தொடங்கிவிட்டது, முசுறின் மேல் கோபமும் தொடங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால், நம் வேலூர் மாவட்டத்தில் முசுறு குறைந்ததற்கு முதற்காரணம் பூச்சிமருந்துகூட அல்ல, குத்தகை முறைதான் என்பது என் எண்ணம். தோப்பு பூவிலேயே குத்தகைக்குப் போய்விடுகிறது. மருந்து அடிப்பதும் காய் பறிப்பதும் குத்தகைதாரர் பொறுப்பு. அவருக்கு அந்த ஒரு பருவம்தான் கணக்கு. அடுத்த ஆண்டுக் கொட்டை வண்டைப் பற்றி அவர் ஏன் கவலைப்பட வேண்டும்? முசுறு இருந்தால் பறிக்கிற ஆட்கள் மரம் ஏற மறுக்கிறார்கள், கூலி கூடக் கேட்கிறார்கள். கடி வாங்கிக்கொண்டு உச்சிக் கிளையில் நிற்பது ஆபத்து என்பதால் அவர்கள் மேல் தவறு சொல்லவும் முடியாது. ஆகவே காய் இறக்குவதற்கு முன்பே கூடுகளைத் தீ வைத்தோ மருந்தடித்தோ தீர்த்துவிடுகிறார்கள்.

எங்கள் தோப்பை இப்போது குத்தகைக்கு விடும்போது, இலைக்கூடு உள்ள மரங்களைச் சுண்ணாம்பு அடித்து அடையாளம் காட்டி, அவற்றைத் தனியாகப் பறித்துக்கொள்வது என்று பேசிக்கொள்கிறோம். அந்த மரங்களில் ஏறாமல் வலைத்தொரட்டியால் தரையிலிருந்தே பறிக்கலாம். எட்டாத கிளைக்கு ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் முழுக்கைச் சட்டை, கை காலில் அடுப்புச் சாம்பல். சாம்பல் பூசிய தோலில் அதற்குப் பிடி கிடைப்பதில்லை. முதல்நாள் கிளைகளின் மேல் நீரைப் பீய்ச்சினால் வெளியே திரிகிறவை கூட்டுக்குள் போய்விடும்.

முசுறுக்கும் குத்தகையில் பங்கு கொடுத்துவிடலாமே என்று வாசகர் ஒருவர் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் முசுறையே அரைத்துக் காய் சட்னி செய்கிறார்கள். சிமிலிபால் காய் சட்னி என்ற பெயரில் இந்த ஆண்டு ஜனவரியில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. காய் என்பது அங்கே எறும்பின் பெயர், மாங்காய் அல்ல.

22 ஜூன் 2024

நீலம் பழுக்கும் பருவத்தில் பழ ஈ உச்சத்துக்கு வருகிறது. இங்கேதான் தரையில் வாழும் சிவப்பெறும்பைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழ ஈயின் புழு பழத்துக்குள் வளர்ந்து முடிந்ததும் வெளியே வந்து, மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாக மாறுகிறது. விழுந்த பழம் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். புழு உடலை வில்லாக வளைத்துத் துள்ளி விழுந்த இடத்திலேயே சிவப்பெறும்பு அதைக் கவ்வுவது தெரியும். இதை நம்பி விழுந்த பழங்களை அப்படியே விட்டுவிடக் கூடாது. எறும்புக்கு அகப்படுவதைவிடத் தப்பி மண்ணுக்குள் போகும் புழு அதிகம். பழங்களை நாள்தோறும் பொறுக்கி ஆழமாகப் புதைப்பதும், ஆண் ஈயைக் கவரும் மெத்தில் யூஜினால் என்ற வேதிப்பொருளைக் கொண்டு பொறி வைப்பதும் இருக்கத்தான் வேண்டும்.

கோடை உழவு பற்றி அணைக்கட்டு நண்பர் எழுப்பிய ஐயம் நியாயமானது. உழுதால் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலில் சாகும். எறும்பு வளைகளும் கலையும். எதை விடுவது? நான் உழவையே தேர்ந்தெடுப்பேன். தரை எறும்பு சில வாரங்களில் மீண்டும் வளை தோண்டிக்கொள்ளும். ஆனால் அடிமரத்திலிருந்து கிளைப் பரப்பின் விளிம்புவரை ஆழமாக உழாமல் மேலோட்டமாகக் கொத்தினாலே போதும், வேரும் அறுபடாது.

18 ஆகஸ்ட் 2024

முதலில் கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். பொடி போடவில்லை, கறுப்பெறும்பு ஏறிய மரங்களுக்குக் கட்டுக் கட்டினார், தத்துப்பூச்சிக்குப் பூ விரியுமுன் ஒருமுறை மருந்தடித்தார். காய்ப்பு சுமாராக இருந்தது, கரும்பூசணம் குறைந்திருந்தது என்கிறார். மருந்தும் கட்டும் சேர்ந்தே இருந்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல இயலாது. வரும் பருவத்தில் ஒருசில மரங்களைக் கட்டில்லாமல் விட்டு ஒப்பிடும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஓடையோரத்து முசுறை மற்ற மரங்களுக்கும் கொண்டுபோக விரும்புகிறார். கவாத்துக் காலமான இப்போது அதைச் செய்யலாம், ஆனால் ஒரு கூட்டை மட்டும் வெட்டி எடுத்துப் போனால் பயனில்லை. ஒரு கூட்டத்துக்குப் பல மரங்களில் பல கூடுகள் இருக்கும்; ராணி பெரும்பாலும் ஒன்றே, அதுவும் ஏதோ ஒரு கூட்டில். ராணி இல்லாமல் போன எறும்புகள் கொஞ்ச காலம் சுற்றித் திரிந்து செத்துத் தீரும். ஆகவே இடம் மாற்றுவதைவிட, இருக்கும் மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் கயிறு கட்டிப் பரவ விடுவது சிக்கனம், நிச்சயமும் கூட. அந்த அடுத்த மரத்தில் கறுப்பெறும்பு வலுவாக இருந்தால் முசுறு நுழையாது. முதலில் அதன் சாரையை இனிப்பு நஞ்சால் மெலிய வைத்து, டப்பாவை அப்புறப்படுத்திவிட்டுப் பிறகு கயிற்றைக் கட்டுங்கள். மழை தொடங்கித் துளிர் வரும்போது கட்டினால் கூடு தைக்க இளம் இலை கிடைக்கும்.